இரைப்பை இல்லாத கெண்டைக்கு அமிலம் எதற்கு?

டெல்டாவில் மீன் தீவனமும் மருந்தும் விற்கிற கடைகளில் 'ஆசிடிஃபையர்' (தீவனத்தில் கலக்கும் கரிம அமிலம் அல்லது அதன் உப்பு) என்று கிலோ பொட்டலமாகவும் ஐந்து லிட்டர் கேனாகவும் பலவகைச் சரக்கு வந்துவிட்டது. மேலே எழுதியிருக்கும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்: இரைப்பையின் பி.எச். (அமில, கார அளவு; 7 நடுநிலை, குறைந்தால் அமிலம்) குறையும், செரிமானம் கூடும், கெட்ட பாக்டீரியா ஒழியும். இந்த வாசகத்தில் பெரும்பகுதி பன்றிக்கும் கோழிக்கும் எழுதப்பட்டது. நம் குளங்களில் விட்டிருப்பது கட்லா, ரோகு, மிர்கால், கூடவே கொஞ்சம் புல்கெண்டை. இந்தக் கெண்டை இனங்களுக்கு இரைப்பையே கிடையாது.

தொண்டை முடிந்த இடத்தில் குடல் தொடங்கிவிடுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுரப்பதில்லை, பெப்சின் என்ற நொதியும் இல்லை. புரதம் முழுவதும் டிரிப்சின் போன்ற குடல் நொதிகளால்தான் செரிக்கிறது. அவை வேலை செய்வது நடுநிலையிலிருந்து லேசான காரம் வரையுள்ள சூழலில். கெண்டையின் குடலுக்குள் பி.எச். பொதுவாக 6.5-க்குக் கீழே இறங்குவதில்லை, 8 வரையும் போகும். அங்கே குறைப்பதற்கு இரைப்பையும் இல்லை, குறைத்தால் நல்லது என்று சொல்லவும் முடியாது. அப்படியானால் கெண்டைத் தீவனத்தில் கரிம அமிலம் வீண் செலவா? வீண் இல்லை. அது பயன்படும் இடம் பொட்டலத்தில் எழுதியிருக்கும் இடம் இல்லை, அவ்வளவுதான். எந்த அமிலம், எங்கே, எவ்வளவு என்று தெரிந்து போட்டால் பலன் உண்டு. கேனை வாங்கிக் குளத்தில் ஊற்றினால் பணம் தண்ணீரில் போகும்.

முதலில் இந்த அமிலங்கள் பாக்டீரியாவை எப்படித் தாக்குகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். ஃபார்மிக், அசிட்டிக், புரோபியோனிக், பியூட்டிரிக், லாக்டிக், சிட்ரிக் எல்லாமே வலுக்குறைந்த அமிலங்கள். தண்ணீரில் இவை முழுதாகப் பிரிவதில்லை. பிரியாமல் முழுசாக நிற்கும் மூலக்கூறுதான் பாக்டீரியாவின் உறையை ஊடுருவும். உள்ளே பி.எச். நடுநிலையாக இருப்பதால் நுழைந்தவுடன் பிரிந்து, செல்லுக்குள் அமிலத்தைக் கொட்டுகிறது. அதை வெளியே தள்ளவே பாக்டீரியா தன் சக்தியைச் செலவழித்து ஓய்ந்துபோகிறது. ஏரோமோனாஸ், விப்ரியோ, ஈ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் வகைகளை இது அதிகம் பாதிக்கும். லாக்டிக் பாக்டீரியாக்கள் அமிலத்திலேயே வாழப் பழகியவை, தாக்குப்பிடித்துக்கொள்ளும்.

ஆகவே கேள்வி ஒன்றுதான்: பிரியாத மூலக்கூறு எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது? ஃபார்மிக் அமிலத்தை எடுத்தால் பி.எச். 3.75-இல் சரிபாதி பிரியாமல் நிற்கும். பி.எச். 2-இல் 98 சதவீதம். பி.எச். 7-இல் 0.06 சதவீதம்கூட இல்லை. பியூட்டிரிக் அமிலம் கொஞ்சம் மேல், ஆனாலும் பி.எச். 7-இல் 0.7 சதவீதம்தான். ஜிலேபி, விரால், பங்கேசியஸ், ரூப்சந்த் ஆகியவற்றுக்கு உண்மையான இரைப்பை இருக்கிறது. ஜிலேபியின் இரைப்பை தீவனம் செரிக்கும் நேரத்தில் பி.எச். 2-க்கும் கீழே போகக்கூடியது. அந்த மீன்களில் ஃபார்மிக் வகை அமிலம் முழு வீச்சோடு வேலை செய்யும். பொட்டாசியம் டைஃபார்மேட் என்ற உப்பை ஜிலேபித் தீவனத்தில் 0.2 முதல் 0.5 சதவீதம் வரை கலந்து செய்த சோதனைகளில் வளர்ச்சியும் பிழைப்பு விகிதமும் கூடியதற்கு இதுவே காரணம். அதே பொட்டலத்தை ரோகு குளத்தில் போட்டு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆக, கெண்டைக் குளத்தில் அமிலத்துக்கு மூன்று வேலை இருக்கிறது. ஒன்று மூட்டையில், ஒன்று தவிட்டில், ஒன்று குடல் சுவரில். முக்கியத்துவமும் அந்த வரிசையில்தான்.

மூட்டையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. டெல்டாவில் கெண்டைக்கு இன்றும் முக்கியத் தீவனம் அரிசித் தவிடும் கடலைப் புண்ணாக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் வாரக்கணக்கில் வெயில் தலைகாட்டாது, காற்றின் ஈரம் 80 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும், மோட்டார் கொட்டகையில் அடுக்கிய புண்ணாக்கு மூட்டை ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெப்பம் 25-க்கும் 35-க்கும் இடையில் இருக்கையில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சைக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு மீனின் ஈரலைத் தாக்கும். மீன் ஒரேயடியாகச் செத்து மிதக்காது. அதனால்தான் கவனத்துக்கு வருவதில்லை. தீவனம் தின்னும், எடை ஏறாது. அறுத்துப் பார்த்தால் ஈரல் செங்கபில நிறத்தை இழந்து வெளிறி, மஞ்சள் பூத்திருக்கும். சின்ன நோய் வந்தாலும் சாவு கூடும். குஞ்சு சரியில்லை, தண்ணீர் சரியில்லை என்று சொல்லப்படும் பல குளங்களில் கோளாறு மூட்டையில்தான் இருக்கிறது.

இங்கே புரோபியோனிக் அமிலத்தின் உப்பான கால்சியம் புரோபியோனேட் கைகொடுக்கும். ரொட்டிக் கடைக்காரர்கள் பூஞ்சை தடுக்கப் போடும் அதே வெள்ளைத் தூள். அளவு தீவனத்தில் 0.2 முதல் 0.3 சதவீதம், அதாவது 100 கிலோவுக்கு 200 முதல் 300 கிராம். மழைக்காலத்துக்கு 300 என்றே வைத்துக்கொள்ளலாம். அளவைவிடக் கலக்கும் விதம்தான் முக்கியம். 300 கிராமை அப்படியே 100 கிலோ குவியலில் தூவிப் புரட்டினால் ஒரு மூலையில் அதிகமும் மறு மூலையில் ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் தூளை ஒரு கிலோ தவிட்டில் நன்றாகப் பிசிறி, அதை ஐந்து கிலோ தவிட்டில், அதை இருபது கிலோவில், பிறகு முழுக் குவியலில் என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். புண்ணாக்கைக் கட்டியாக வைத்துக்கொண்டு மேலே தூவுவதில் பயனில்லை. உடைத்து நொறுக்கிய பிறகே கலக்க வேண்டும்.

இரண்டு விஷயத்தை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஏற்கெனவே பூத்துப்போன புண்ணாக்கில் உருவாகிவிட்ட நஞ்சை இந்தத் தூள் அழிக்காது. அஃப்ளாடாக்சின் வேகவைத்தாலும் போகாது, வெயிலில் காயப்போட்டு மேல் பூஞ்சையைத் தட்டிவிட்டாலும் போகாது. பச்சையோ மஞ்சள் கலந்த பச்சையோ பூத்த மூட்டையை நல்ல மூட்டையோடு கலந்து 'சரிக்கட்டுவது' நல்லதையும் கெடுக்கும். அதைத் தூக்கி எறிவதுதான் லாபம். அடுத்தது, புரோபியோனேட் பூஞ்சையைத் தடுக்கும், தவிட்டின் காறலைத் தடுக்காது. தவிட்டில் 15 முதல் 20 சதவீதம் எண்ணெய் இருக்கிறது. நெல் அரைத்த நிமிடத்திலிருந்து தவிட்டிலுள்ள லைபேஸ் நொதி அந்த எண்ணெயை உடைக்கத் தொடங்குகிறது. ஆகவே ஆலைத் தவிட்டை இரண்டு வாரத் தேவைக்கு மேல் வாங்கி அடுக்காமலிருப்பதே நல்ல வழி. நீண்ட நாள் இருப்பு வேண்டுமென்றால் எண்ணெய் எடுத்த தவிட்டை வாங்கலாம்.

ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் போய்விட்டால் புரோபியோனேட் தடுமாறும். மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகைமேல் அடுக்குவது, மேலே ஓடு ஒழுகாமல் பார்ப்பது, பிரித்த மூட்டையை அன்றே வாய் கட்டுவது ஆகிய மூன்றும் இல்லாத கொட்டகையில் தூளுக்குச் செலவழிப்பது வீண்.

இதற்குள்ளேயே ஒரு வேதியியல் சங்கதி ஒளிந்திருக்கிறது. புரோபியோனிக் அமிலம் பி.எச். 5-இல் 43 சதவீதம் பிரியாமல் நிற்கும், 6.5-இல் இரண்டு சதவீதத்துச் சொச்சம்தான். கலந்த தீவனத்தின் பி.எச். பெரும்பாலும் 6-க்கும் 6.5-க்கும் இடையில். அதோடு கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்புக்கல் மாவோ கலந்த தாதுக் கலவையைச் சேர்த்தால் பி.எச். இன்னும் ஏறி, புரோபியோனேட்டின் வலு மேலும் குறையும். தாதுக் கலவையை மூட்டையிலேயே சேர்த்து வைக்காமல், போடும் நாளில் சேர்ப்பது நல்லது.

அமிலமாகவே போடுகிறவர்களுக்கு இந்தச் சுண்ணாம்புக் கணக்கு இன்னும் முக்கியம். ஒரு கிராம் கால்சியம் கார்பனேட் 0.92 கிராம் ஃபார்மிக் அமிலத்தை விழுங்கிவிடும். தீவனத்தில் ஒரு சதவீதம் கால்சியம் கார்பனேட் இருந்தால், கிலோவுக்கு 9 கிராம் ஃபார்மிக் அமிலம் சத்தமில்லாமல் உப்பாகிவிடுகிறது. நாம் போடுவதோ 3 கிராம். டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் மாவும் தாதுக் கலவையும் ஆசிடிஃபையரும் ஒரே வாளியில் கலக்கப்படுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. மூன்றுக்கும் காசு கொடுத்துவிட்டு ஒன்றை இன்னொன்றால் அழிக்கிறோம்.

இனி தவிட்டுக்குள் இருக்கும் பாஸ்பரஸ். அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் ஏராளம். ஆனால் பெரும்பகுதி பைட்டேட் என்ற பூட்டுக்குள் கிடக்கிறது. அதைத் திறக்கும் பைட்டேஸ் நொதி மீனிடம் போதுமான அளவில் இல்லை. செரிக்காத பாஸ்பரஸ் எச்சத்தோடு குளத்தில் விழுகிறது, மாசி பங்குனியில் தண்ணீர் மட்டம் இறங்கும்போது நீலப்பச்சைப் பாசியாக மேலே ஏறி வருகிறது. கடையில் கிடைக்கும் பைட்டேஸ் நொதியில் பூஞ்சையிலிருந்து எடுத்த வகை பி.எச். 4.5-லிருந்து 5.5 வரையில் நன்றாக வேலை செய்வது. கெண்டைக் குடலின் 7-இல் அது பாதி தூங்கும். ரோகு குஞ்சுகளில் நம் நாட்டிலேயே நடந்த ஆய்வில் 3 சதவீதம் சிட்ரிக் அமிலத்தையும் பைட்டேஸையும் சேர்த்துக் கொடுத்தபோது எலும்பில் தாது சேர்வது கூடியது. சிட்ரிக் அமிலம் கால்சியத்தைப் பிடித்து இழுத்துக்கொள்வதால் பைட்டேட் இளகி, நொதிக்கு வழி கிடைக்கிறது.

ஆனால் 3 சதவீதம் என்றால் டன்னுக்கு 30 கிலோ சிட்ரிக் அமிலம். கெண்டை விற்கும் விலையில் இது கட்டுப்படியாகாது. அதே தத்துவத்தைக் குடலுக்கு வெளியே, வாளியிலேயே செய்துவிடலாம். 10 கிலோ தவிட்டுக்கு 100 கிராம் சிட்ரிக் அமிலத்தை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பிசிற வேண்டும். பி.எச். தாளை வைத்துப் பார்த்தால் 5-லிருந்து 5.5-க்குள் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் 20, 20 கிராமாக ஏற்றலாம். பிறகு பைட்டேஸ் நொதியைப் பொட்டலத்தில் சொன்ன அளவுக்குக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துச் சேர்த்து, பிளாஸ்டிக் டப்பில் மூடி, நிழலில் நான்கு மணி நேரம் ஊறவிட வேண்டும். அதற்கு மேல் வைத்தால் தன் போக்கில் புளிக்கத் தொடங்கிவிடும். ஊறிய தவிட்டை முந்தின இரவு ஊறவைத்த புண்ணாக்கோடு பிசைந்து அன்றே போட்டுவிட வேண்டும். சுண்ணாம்பு கலந்த தாது இதில் கூடாது.

வேண்டுமென்றே புளிக்க வைப்பதும் அமிலம் கொடுப்பதற்கு ஒரு வழிதான். காசு செலவு குறைந்த வழியும்கூட. 10 கிலோ தவிடு, கால் கிலோ வெல்லம், அரை லிட்டர் புளித்த மோர், 5 லிட்டர் தண்ணீர். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. காற்று நிற்காதபடி பிளாஸ்டிக் டிரம்மில் அமுக்கி நிரப்பி மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் லாக்டிக் அமிலம் உண்டாகி பி.எச். 4.5-க்குப் பக்கத்தில் வந்துவிடும். வாடை தோசை மாவைப்போலப் புளிப்பாக இருந்தால் சரி. அழுகல் வாடை, கறுப்பு, மேலே பஞ்சு போன்ற பூஞ்சை இவற்றில் எது இருந்தாலும் குப்பைக் குழிக்குத்தான். காற்று புகுந்ததே அதற்குக் காரணமாக இருக்கும்.

மூன்றாவது வேலை குடல் சுவரில். பியூட்டிரிக் அமிலம் குடலின் உட்புறச் செல்களுக்கு நேரடி உணவு. சோடியம் பியூட்டிரேட், கால்சியம் பியூட்டிரேட் உப்புகளை இதற்காகத்தான் போடுகிறோம். பாக்டீரியாவைக் கொல்லும் வேலை கெண்டைக் குடலில் அரைகுறையாக நடந்தாலும், செல்களுக்கு உணவாவதற்குப் பி.எச். தடையில்லை. புண்ணாக்கும் சோயாவும் மிகுந்த தீவனம் தின்னும் மீனுக்கும், வண்டியில் ஆக்சிஜன் பையில் வந்து களைத்த குஞ்சுகளுக்கும் இதில் நியாயமான பலனை எதிர்பார்க்கலாம். அளவு கிலோ தீவனத்துக்கு 1 முதல் 2 கிராம் பியூட்டிரேட். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: கொழுப்புப் பூசிய பல பொருள்களில் பியூட்டிரேட் 30 சதவீதம்தான் இருக்கும், மீதி பெரும்பாலும் கொழுப்பு. கிலோவுக்கு 2 கிராம் பியூட்டிரேட் வேண்டுமென்றால் அந்தப் பொருளில் 6.7 கிராம் போட வேண்டும். பூசாத சோடியம் பியூட்டிரேட்டின் நாற்றம் கொட்டகையை விட்டு நாள் கணக்கில் போகாது, ஈரத்தை இழுத்துக் கட்டியாகும். ஆகவே பொட்டலத்தைப் பிரித்தால் காற்றுப்புகாத டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும்.

எந்த அமிலமானாலும் உள்ளே இருக்கும் சதவீதத்தை அச்சடிக்காத பொட்டலத்தை வாங்க வேண்டாம். 'கரிம அமிலங்களின் கலவை' என்று மட்டும் எழுதியிருந்தால் எவ்வளவு போடுவது என்று யாராலும் சொல்ல முடியாது.

மிதவைத் தீவனத்தில் ஏற்றும் முறையைச் சொல்கிறேன். 25 கிலோவைச் சுத்தமான தார்ப்பாயில் நிழலில் பரப்ப வேண்டும். பொட்டாசியம் டைஃபார்மேட் கிலோவுக்கு 3 கிராம் கணக்கில் 75 கிராம். அதை 400 மில்லி தண்ணீரில் கரைத்து, பிளாஸ்டிக் கைத்தெளிப்பானில் ஊற்றி, ஒருவர் தெளிக்க ஒருவர் புரட்ட வேண்டும். கிலோவுக்கு 20 மில்லிக்கு மேல் தண்ணீர் போனால் குருணை ஊறி மிதவை போய்விடும். 20 நிமிடம் உள்ளிழுக்க விட்டு, 250 மில்லி தவிட்டெண்ணெயோ மீன் எண்ணெயோ விட்டு மறுபடி புரட்ட வேண்டும். இன்னும் அரை மணி நேரம் நிழலில் கிடந்தால் போடலாம். எண்ணெய் பூசுவதைச் சோம்பலால் விடக் கூடாது. இந்த உப்புகள் தண்ணீரில் சட்டென்று கரைபவை. எண்ணெய்ப் பூச்சு இல்லாவிட்டால் மீன் வாய்க்குப் போகுமுன்பே கணிசமான பகுதி குளத்தில் கரைந்துவிடும். கொழுப்புப் பூசிய பியூட்டிரேட்டுக்கு முறை வேறு. அதைத் தண்ணீரில் கரைக்க முயல வேண்டாம், வெந்நீர் பட்டால் பூச்சே உருகிவிடும். தூளை எண்ணெயில் கலக்கி அந்த எண்ணெயைத் தீவனத்தில் பூச வேண்டும்.

தவிடு, புண்ணாக்கு உருண்டைக்குக் கரைந்துபோகும் தொல்லை இன்னும் அதிகம். 10 கிலோ தீவனத்துக்கு அரை கிலோ மரவள்ளி மாவை 3 லிட்டர் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு அமில உப்பைக் கலந்து பிசைந்தால் உருண்டை தண்ணீரில் கொஞ்ச நேரம் தாங்கும். ஓட்டைச் சாக்கில் கட்டித் தொங்கவிடுவதென்றால் ஏக்கருக்கு 8 முதல் 10 சாக்கு. மீன் கொத்திக் கொத்தித் தின்று முடிக்கும் வரை உப்பு கசிந்துகொண்டுதான் இருக்கும். ஆகவே சாக்குத் தீவனத்தில் டைஃபார்மேட் போன்ற விலை கூடிய உப்பைச் சேர்ப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அங்கே புரோபியோனேட்டும் புளித்த தவிடும் போதும்.

கடையில் விற்கும் வினிகரைத் தீவனத்தில் தெளிக்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. வினிகரில் அசிட்டிக் அமிலம் 4 முதல் 5 சதவீதம்தான். கிலோவுக்கு 10 மில்லி தெளித்தால் உள்ளே போவது அரை கிராமுக்கு மேல் இல்லை, அதாவது 0.05 சதவீதத்தைத் தாண்டாது. வெயிலில் காயவைத்தால் அதிலும் ஒரு பங்கு ஆவியாகிவிடும். கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை.

குளத்து நீரில் ஊற்றுவதைப் பற்றி ஒரு கணக்கு போட்டுவிடலாம். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் குளம், ஒன்றரை மீட்டர் ஆழம். தண்ணீர் சுமார் 60 லட்சம் லிட்டர். காரத்தன்மை லிட்டருக்கு 150 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், குளத்தில் கரைந்திருப்பது 900 கிலோ சுண்ணாம்புக்கல்லுக்குச் சமம். அதைச் சரிக்கட்ட 800 கிலோவுக்கு மேல் ஃபார்மிக் அமிலம் வேண்டும். ஐந்து லிட்டர் கேன் அங்கே என்ன செய்யும்? சித்திரை வெயிலில் பிற்பகல் பி.எச். 9-ஐத் தாண்டுவதற்குக் காரணம் பாசி கார்பன் டையாக்சைடை உறிஞ்சுவது. பாசியையும் தீவன அளவையும் குறைப்பதுதான் வழி. ஊற்றிய அமிலத்தைப் பாக்டீரியா தின்னும்போது ஆக்சிஜனும் செலவாகும். இதே கணக்கில் ஒரு நிம்மதியும் இருக்கிறது: தீவனத்தின் வழியே நாளொன்றுக்குப் போகும் 60 கிராம் அமிலத்தால் குளத்தின் பி.எச். கெட்டுவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை.

ஃபார்மிக் அமிலம் 85 சதவீதக் கரைசலாக மலிவாகக் கிடைக்கிறது என்று ரப்பர், தோல் தொழிலுக்கு விற்பதை வாங்கித் தீவனத்தில் கலப்பவர்கள் இருக்கிறார்கள். தொழிற்சாலைத் தரத்தில் என்ன கலப்பு இருக்கிறதென்று தெரியாது. தீவனத் தரம் என்று குறித்ததை மட்டுமே வாங்க வேண்டும். அதோடு இந்தத் திரவம் தோலை வேகவைக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, ஆவி மூச்சுக்குழலை எரிக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி, காற்றோட்டமான இடம் மூன்றும் இல்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. இரும்பு டிரம் அரித்துவிடும். பட்டுவிட்டால் குழாயடியில் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கூலிக்கு வருகிறவர் கையில் இதைக் கொடுத்து அனுப்பாதீர்கள். குளக்கரையில் இதைக் கையாள்வதைவிட உப்பு வடிவில் வாங்குவதே எல்லாருக்கும் நல்லது.

எந்தக் காலத்தில் போடுவது? மேட்டூர் ஜூன் 12-இல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர வாரங்கள் ஆகும். ஆடி, ஆவணியில்தான் பல இடங்களில் குஞ்சு விடுகிறார்கள். விட்ட முதல் இரண்டு வாரம் குஞ்சுத் தீவனத்தில் பியூட்டிரேட். புரட்டாசியிலேயே புரோபியோனேட் வாங்கி வைத்துவிட வேண்டும். ஐப்பசியிலிருந்து மார்கழி முடிய வாங்கும் ஒவ்வொரு லோடுக்கும் அது கலந்தாக வேண்டும். மழை மூடிய நாளில் மீன் தின்பது குறையும். அப்போது தீவனத்தைக் குறைப்பதுதான் மருந்து, அமிலத்தை ஏற்றுவது அல்ல. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் அன்று தீவனமே வேண்டாம். தை முடிவில் ஆற்றில் தண்ணீர் நின்ற பிறகு போர் தண்ணீரில் ஓட்டும் குளங்களுக்குத் தவிட்டுப் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் ஊறவைப்பு முறை அதிகம் பயன்படும்.

நோய் வந்த குளத்துக்கு இது சிகிச்சை ஆகாது. மார்கழி, தைக் குளிரில் விராலையும் மிர்காலையும் பிடிக்கும் கொப்புளப் புண் நோய் அஃபனோமைசஸ் என்ற நீர்ப்பூசணத்தால் வருவது. அது தோல் வழியே நுழைகிறது, குடலில் போடும் அமிலம் அதைத் தொடாது. மீன் பேனும் அப்படியே. ஏரோமோனாஸ் தாக்கி உடம்பில் செம்புள்ளியும் வயிற்றில் நீரும் கண்ட மீன் தீவனமே தின்னாது. தின்னாத மீனுக்குத் தீவனத்தில் என்ன கலந்தாலும் போய்ச் சேராது. முன்கூட்டியே கொடுத்தால் குடல் வழியே வரும் தொற்றின் வேகம் கொஞ்சம் மட்டுப்படலாம் என்பதுதான் நேர்மையாகச் சொல்லக்கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை 2006 ஜனவரி 1 முதல் முற்றிலும் நிறுத்தியபோது பன்றிப் பண்ணைகள் கரிம அமிலத்துக்குத் திரும்பின. இந்தியாவிலும் 2019-இல் உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. மீன் குளத்தில் பெயர் தெரியாத ஆன்டிபயாடிக் பொடியைப் போடும் பழக்கத்தை விடுவதற்கு அமிலம் உதவுமானால் அதுவே பெரிய லாபம். இந்த அமிலங்களை உடம்பு எரித்துப் பயன்படுத்திக்கொள்ளும், எச்சமாக இறைச்சியில் தங்காது.

கடைசியாகக் காசு. விலை ஊருக்கு ஊர் மாறும், கணக்குப் போடும் முறைக்காக ஒரு எடுத்துக்காட்டு. அமில உப்பு கிலோ 300 ரூபாய், தீவனத்தில் கிலோவுக்கு 3 கிராம் என்றால் 90 பைசா. தீவனம் கிலோ 45 ரூபாய், ஒரு கிலோ மீனுக்கு 1.6 கிலோ தீவனம் ஆகிறது என்றால் தீவனச் செலவு 72 ரூபாய். அமிலம் சேர்த்த தீவனம் 45 ரூபாய் 90 பைசா. செலவு அதே 72-இல் நிற்க வேண்டுமானால் 1.57 கிலோவில் ஒரு கிலோ மீன் வர வேண்டும். வெறும் இரண்டு சதவீத முன்னேற்றம்தானே என்று விற்பனைக்காரர் சொல்வார். ஆனால் அந்த இரண்டு சதவீதத்தைக் குளத்தில் கண்ணால் காண முடியாது. பக்கத்துப் பக்கத்துக் குளங்களில் ஒரே குஞ்சை ஒரே நாளில் விட்டாலும் மண்ணும் பாசியும் நாரையும் சேர்ந்து அதைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கிவிடும்.

ஆகவே சோதிப்பவர்கள் ஒரே குளத்தில் நான்கு அல்லது ஆறு ஹாப்பா வலைக்கூண்டு கட்டி, பாதியில் அமிலத் தீவனமும் பாதியில் சாதாரணத் தீவனமும் அறுபது நாள் போட்டுப் பார்க்கலாம். இரண்டிலும் எண்ணெய்ப் பூச்சு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயின் பலனை அமிலத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். பதினைந்து நாளுக்கொருமுறை எடை, செத்த மீனின் எண்ணிக்கை, போட்ட தீவனம் மூன்றையும் நோட்டில் எழுத வேண்டும். எல்லா அமிலக் கூண்டுகளும் எல்லாச் சாதாரணக் கூண்டுகளையும்விட முன்னால் நின்றால் குளத்துக்கு ஏற்றலாம். கலந்து கிடந்தால் அந்தப் பணத்தில் பலகையும் தார்ப்பாயும் புரோபியோனேட்டும் வாங்கி, ஐப்பசிக்கு முன் தீவனக் கொட்டகையைச் சரிசெய்துகொள்ளலாம்.